லீவு முடிஞ்சா தீவு!

"எப்பம் போறீரு?"

ஜூலை பிறந்துவிட்டால் ஆலந்தலையில் இந்தக் கேள்வியிலிருந்து யாரும் தப்ப முடியாது. டீக்கடையில் கேட்பார்கள். கோயில் முற்றத்தில் கேட்பார்கள். மணலில் உட்கார்ந்து வலையைச் சீர்பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் தலையை நிமிர்த்தாமலே கேட்பார். கேட்கப்படுகிறவர் பஹ்ரைனிலிருந்தோ சவுதியிலிருந்தோ ஈரானின் கிஷ் தீவிலிருந்தோ லீவில் வந்தவராக இருப்பார். அவர் வந்த புதிதில் தோளில் கைபோட்டு நலம் விசாரித்த அதே ஆட்கள்தான் இப்போது இதைக் கேட்கிறார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனாலும் அதைக் கேட்ட நாளிலிருந்து அந்த வீட்டில் சோறு சரியாக இறங்குவதில்லை.

ஏன் ஜூலை? கணக்கைக் கடல்தான் போட்டுக் கொடுக்கிறது. சவுதி அரேபியாவின் வளைகுடாக் கரையிலும் பஹ்ரைனிலும் பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை இறால் பிடிக்கத் தடை. அந்த ஆறு மாதத்துக்குள்தான் இறால் லாஞ்சுக்காரர்கள் லீவு கேட்க முடியும். ஆகஸ்ட் 1 அன்று அங்கே கடல் திறக்கும்போது ஆள் படகில் நிற்க வேண்டும். இந்தப் பக்கம் கச்சான் காற்று தேரி மணலை அள்ளி வீசிக்கொண்டிருக்கும் நாட்களில் வீட்டுக்குள் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடுகிறது.

திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாட்டை நோக்கிப் போகும் கரையில் இருக்கிறது ஆலந்தலை. பரதவர் ஊர். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்திறங்கி, ஊர் ஊராக நடந்த முத்துக்குளித்துறையின் ஒரு கண்ணி. ஊரின் அடையாளம் திரு இருதயத் திருத்தலம். கடலில் நிற்கும் வள்ளக்காரருக்கோ கரையில் தெரியும் ஒவ்வொரு உயரமும் அடையாளம்தான். கோயில் கோபுரத்தையும் மாதாகோயில் கூம்பையும் பனங்கூட்டத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கணியம் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத கடலடிப் பாரின் மேல் வள்ளத்தைக் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் இந்தக் கரைக்காரர்கள். செந்தூர் முருகனின் கோபுரம் இந்தக் கத்தோலிக்க மீனவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வழிகாட்டியிருக்கிறது.

இந்தக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். அதன் பிறகு பார்களில் முத்துச்சிப்பி அந்த அளவுக்கு விளையவில்லை. சங்கும் மீனும் மிஞ்சின. பிறகு விசைப்படகுகள் வந்தன, மீன் தூரத்துக்குப் போயிற்று. கடலரிப்பு வந்தது, தூண்டில் வளைவு கேட்டு ஊர் போராட வேண்டியிருந்தது. வள்ளத்தை வைத்துக் குடும்பம் நடத்த முடியும் என்ற நம்பிக்கை குறையக் குறைய, பாஸ்போர்ட் எடுக்கிறவர்களின் எண்ணிக்கை கூடியது. மாலத்தீவுக்குத் தோணியில் சரக்கேற்றிப் போகும் வழக்கம் தூத்துக்குடிக்கு எப்போதும் உண்டு. வளைகுடாவுக்கு ஆளாகவே போவது அடுத்த கட்டம்.

வழி புதிது, உறவு புதிதல்ல. தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் பழையகாயல் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்த 'காயல்' துறைமுகம் அதுதான் என்று அடையாளம் கண்டவர் கால்டுவெல். ஹொர்முஸ், கிஷ், ஏடன் பக்கங்களிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து நின்றதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். கிஷ் தீவின் தலைவர் ஜமாலுதீன் பாண்டியனுக்கு ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் போட்டிருந்தார் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில், மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்புகளுக்கு அரபுக் குளியாட்கள் பாரசீக வளைகுடாவிலிருந்து கூட்டமாக வந்து, நம் பரதவக் குளியாட்களோடு அதே நீரில் இறங்கினார்கள். அன்று பிழைப்பு தேடி அவர்கள் இங்கே வந்தார்கள். ஜப்பானின் வளர்ப்பு முத்து அவர்கள் தொழிலை முறித்தது. 1932-ல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. அரபு இளைஞர்கள் படகை விட்டு இறங்கினார்கள். காலியான அந்த இடத்துக்குத்தான் நம் ஆட்கள் போகிறார்கள்.

அங்கே வேலை எப்படி? பாரசீக வளைகுடா ஆழமற்ற கடல். சராசரி ஆழம் 35 மீட்டர் அளவுதான். கோடையில் மேல் தண்ணீரே 32 பாகைக்கு மேல் கொதிக்கும். உப்பு நம் கடலை விட அதிகம், கையில் சிறு கீறல் விழுந்தாலும் ஆறாது. வடமேற்கிலிருந்து ஷமால் காற்று எழும்பினால் நாள்கணக்கில் அடிக்கும். கம்பிக்கூடு இறக்கி களவா பிடிப்பார்கள், வலை விட்டு சீலா பிடிப்பார்கள். அங்கே களவாவுக்குப் பெயர் ஹமூர். ஒரு தரம் கடலுக்குப் போனால் பல நாள் படகிலேயே சமையல், படகிலேயே தூக்கம். இங்கே ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாதவர்களுக்கு அங்கே ஞாயிறு என்று ஒரு நாளே கிடையாது. பஹ்ரைனில் இருப்பவர்கள் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். மனாமாவில் 1940 வாக்கில் எழுந்த திரு இருதய ஆலயம் இருக்கிறது. ஊர்க் கோயிலின் பெயரையே கொண்ட ஆலயம் என்பதால் ஆலந்தலைக்காரருக்கு அதில் தனிப் பிடிப்பு. ஈரான் கரையில் அந்த ஆறுதலும் இல்லை.

கரை தெரியாத கடலில் கணியம் பார்க்க முடியாது. அங்கே எல்லாம் ஜி.பி.எஸ். திரைதான். அந்தத் திரையில் ஒரு கோடு தாண்டினால் வேறு நாடு. வளைகுடாவில் நாடுகள் நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன. ஈரான் லாஞ்சில் போனவர் பஹ்ரைன் நீருக்குள் போய்விட்டால் பிடிபடுவது முதலாளி இல்லை, படகில் நிற்கிறவர்தான். 2024 செப்டம்பரில் அதுதான் நடந்தது. ஈரானில் வேலை செய்துகொண்டிருந்த இடிந்தகரை மீனவர்கள் 28 பேரை பஹ்ரைன் கடலோரக் காவல்படை பிடித்தது. ஆறு மாதச் சிறை விதித்து, பிறகு மூன்று மாதமாகக் குறைத்தார்கள். அவர்கள் டிசம்பரில்தான் ஊர் திரும்பினார்கள்.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஒருவர் திரும்பிப் போகிறாரே, அது எப்படி? முதல் தடவை போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. கேள்விப்பட்டதும் கற்பனையும்தான் கையில். பயம் இருந்தாலும் அது உருவமில்லாத பயம். லீவு முடிந்து போகிறவருக்கு எல்லாம் தெரியும். எந்தப் பலகையில் படுக்கப் போகிறோம், எந்த முதலாளி கணக்குப் பார்க்கும்போது குரலை உயர்த்துவார், எந்த மாதத்தில் தண்ணீர் வாடை அடிக்கும் என்பது வரை தெரியும். தெரிந்துகொண்டே கிளம்ப வேண்டும். இந்த இரண்டாம் கிளம்பலுக்குத்தான் அதிக மனவலிமை வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் முதல் பயணத்துக்கு வழியனுப்ப ஊரே கூடுகிறது. திரும்பப் போகும் அன்று ஆட்டோ வாசலில் வந்து நிற்கும்போது வீட்டார் மட்டும்தான் நிற்கிறார்கள்.

காரணம் பணம் என்று ஒற்றை வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பணத்தின் கணக்கைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வளைகுடா மீன்பிடித் தொழிலில் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவை முதலில் கழிப்பார்கள். மிச்சத்தில் முதலாளி பங்கு, படகுப் பங்கு போனபிறகு ஆட்களுக்குப் பிரிப்பார்கள். மீன்பாடு இல்லையென்றால் பங்கு இல்லை. டீசலையும் ஐஸையும் எவ்வளவு என்று எழுதுவது முதலாளி தரப்பு. மீனை என்ன விலைக்கு விற்றார்கள் என்பதைப் பல நேரம் வாய்வார்த்தையாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டில் லீவு என்றால் சம்பளத்தோடு விடுப்பு இல்லை. கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் வருமானமில்லாத நாள். பலருக்கு டிக்கெட்டும் சொந்தச் செலவு.

இந்த வருமானமில்லாத மாதங்களில்தான் குடும்பத்தின் பெரிய செலவுகள் எல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன. அவர் வந்தால்தான் தங்கச்சி கல்யாணம். அவர் வந்தால்தான் மகளுக்குப் புதுநன்மை. அவர் வந்தால்தான் வீட்டுக்குக் கான்கிரீட் வார்ப்பு. இவை ஆடம்பரம் இல்லை. தகப்பன் இல்லாமல் நடத்தக் கூடாத காரியங்கள் என்று குடும்பம் காத்திருந்து செய்பவை. கொண்டுவந்த பணம் தீர்ந்து, கழுத்து நகை அடகுக்குப் போய், அதுவும் போதாமல் வட்டிக்கு வாங்கும்போது திரும்பிப் போகும் தேதி தானாகவே முடிவாகிவிடுகிறது. ஓய்வுக்கு வந்தவர் கடனோடு திரும்புகிறார். அவரைத் திரும்ப அனுப்புவது அந்த லீவேதான்.

விசாவும் நெருக்குகிறது. சவுதியிலிருந்து லீவில் வருகிறவர் திரும்பி நுழைவதற்கான விசாவோடு வருவார். அதில் போட்ட தேதிக்குள் போகாவிட்டால் மூன்று ஆண்டுக்கு அந்த நாட்டுக்குள் வர முடியாது என்ற விதி நீண்ட காலம் இருந்தது. 2024 ஜனவரியில்தான் அதைத் தளர்த்தினார்கள். அமீரகத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியிருப்பு உரிமையே பொதுவாக ரத்து. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்றாலும், மனைவிக்குப் பேறுகாலம் என்றாலும் தேதி தேதிதான்.

பெட்டி கட்டும் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பெண்களின் கையில் இருக்கிறது. அப்படி ஒரு வீட்டில் ஒரு பிற்பகல் உட்கார்ந்திருந்தேன். தரையில் பழைய சேலையை விரித்து அதன் மேல் சாமான்கள். உடன்குடிக் கருப்பட்டி, ஒவ்வொரு வட்டும் தனித்தனியாகத் தாளில் சுற்றியது. தூத்துக்குடி மக்ரூன் ஒரு டப்பா, நொறுங்கிவிடக் கூடாதென்று நடுவில் துணிமணிக்குள். காய்ந்த கருவாட்டை மூன்று உறை போட்டுக் கட்டியிருந்தார்கள். மீனுக்கு நடுவிலேயே வேலை செய்யப் போகிறவருக்குக் கருவாடு எதற்கு என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றலாம். இந்தக் கரையின் உப்பில் காய்ந்த சாளைக்கு அங்கே மாற்று கிடையாது. மசாலாப் பொடியைக் கட்டும்போது, லீவில் வந்திருந்த மகன் ஒரு தரம் எழுந்து உட்கார்ந்தார்.

"யம்மா, இதுல கசகசா போட்டியளா?"

"போடல மக்கா. போன தடவ நீ சொன்னதுலருந்து நான் அந்த டப்பாவையே தொடுகதில்ல."

கசகசா நம் அடுக்களையில் குருமாவுக்கு அரைக்கிற சாமான். சவுதியிலும் அமீரகத்திலும் கத்தாரிலும் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. ஒரு பொட்டலம் கசகசாவுக்காக விமான நிலையத்தில் பிடிபட்டுச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. இருமல் மருந்தும் வலி மாத்திரையும்கூட அப்படித்தான். சிலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் கொண்டுபோகவே கூடாது. இதை அந்தத் தாய்க்கு எந்த அலுவலகமும் சொல்லித் தரவில்லை. மகன் பட்ட பயத்திலிருந்து அவர் தெரிந்துகொண்டது. பெட்டியின் மேலறையில் கடைசியாக ஒரு செபமாலையும் சிறு சிலுவையும் வைத்தார்கள். சவுதிக்குப் போகிறவர்கள் அதை வெளியே தெரியாதபடி வைப்பது வழக்கம்.

ஒரு குடும்பம் பட்டுப் பட்டுத் தெரிந்துகொள்கிற இந்த அறிவை அரசு ஏன் முன்கூட்டியே தரவில்லை என்ற கேள்வி எனக்கு அங்கேதான் எழுந்தது. சட்டத்தைப் பார்த்தால் விடை கொஞ்சம் கிடைக்கிறது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் முன் அனுமதி வாங்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தையும் முதலாளியின் விவரத்தையும் அப்போது பார்ப்பார்கள். சவுதி, பஹ்ரைன், கத்தார், குவைத், ஓமன், அமீரகம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஈரான் இல்லை. மாலத்தீவும் இல்லை. நம் மீனவர்கள் திரும்பத் திரும்பச் சிக்கித் தவித்த நாடு ஈரான். அங்கே போகிறவருடைய ஒப்பந்தத்தை இந்தியாவில் யாரும் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்கு இந்த முன் அனுமதி தேவையில்லை என்று விலக்கு தரப்பட்டிருக்கிறது. அனுபவப்பட்டவர், தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்பது அதன் கருத்தாக இருக்கலாம். மாட்டிக்கொள்வதும் அனுபவப்பட்டவர்தான். பங்குக் கணக்கில் பாக்கி வைத்துவிட்டு லீவில் அனுப்பப்படுகிறவர், அந்தப் பாக்கியை வாங்குவதற்காகவே திரும்ப அதே படகுக்குப் போகிறவர். அவரிடம் இரண்டாம் பயணத்துக்கு முன்னால் 'உன் பழைய கணக்கு தீர்ந்ததா? புது ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா?' என்று கேட்க ஒரு மேசையாவது தூத்துக்குடியில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த மேசை வந்தால் ஆலந்தலையும் மணப்பாடும் உவரியும் அதற்கு எதிரே வரிசையில் நிற்கும்.

காப்பீட்டுக்கும் இதே கதிதான். முன் அனுமதியோடு போகும் தொழிலாளிக்கு 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் கட்டணம் என்று வைத்தார்கள். முதல் பயணத்தில் ஏஜென்ட் எடுத்துக் கொடுத்திருப்பார். லீவு முடிந்து போகும்போது அது காலாவதியாகியிருந்தால் புதுப்பிக்கச் சொல்லி யாரும் நினைவூட்டுவதில்லை. கருப்பட்டிக்குச் செலவழிக்கும் காசில் முடிந்துவிடும் காரியம் அது. தமிழ்நாடு அரசு அயலகத் தமிழர்களுக்கென நல வாரியம் அமைத்திருக்கிறது, ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் நாளாகவும் கொண்டாடுகிறது. நல்லது. அந்த வாரியத்தின் பதிவு முகாம் ஒன்று ஜூலை மாதத்தில் இந்தக் கடலோர ஊர்களுக்கு வந்தால் இன்னும் நல்லது. ஆட்கள் ஊரில் இருக்கும் மாதம் அதுதான்.

இப்படிக் கேட்பதற்கு 2020-ஐ விடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. அந்த ஆண்டு கொரோனா ஈரானைப் பிடித்தபோது தமிழக மீனவர்கள் நூற்றுக்கணக்கில் கிஷ் தீவிலும் எதிர்க்கரையின் சிறு துறைகளிலும் அகப்பட்டுக்கொண்டார்கள். விமானம் இல்லை, வேலை இல்லை. தங்கியது படகிலேயே. குடிதண்ணீரும் அரிசியும் குறைந்துபோன காணொளிகள் இங்கே வந்தபடி இருந்தன. பெண்கள் கோயில் முற்றத்தில் கூடி, ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதி நடந்தார்கள். கடைசியில் கடற்படையின் 'சமுத்திர சேது' நடவடிக்கையில் ஐ.என்.எஸ். ஜலஸ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்குப் போய் 687 பேரை ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் வந்து நின்றது. அதற்கு முன்னரே ஜூன் 7-ஆம் தேதி மாலத்தீவிலிருந்து 700 பேரை அதே கப்பல் இதே துறைமுகத்தில் இறக்கியிருந்தது. இடப்பற்றாக்குறையால் ஈரானிலேயே விடப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகாவது ஈரான் போவது நின்றதா? நிற்கவில்லை. 2025 ஜூனில் இஸ்ரேல் – ஈரான் போர் வெடித்தபோது தென்கரை மீனவர்கள் மறுபடியும் அதே கரையில் அகப்பட்டிருந்தார்கள். மறுபடியும் மனு, மறுபடியும் தொலைக்காட்சி வண்டிகள். ஆபத்து போர் மட்டுமல்ல. 2024 பிப்ரவரியிலிருந்து விசா இல்லாமலே சுற்றுலாவுக்கு வரலாம் என்று இந்தியர்களுக்கு ஈரான் தந்திருந்த சலுகையை ஆள்கடத்தல் கும்பல்கள் பயன்படுத்திக்கொண்டன. வேலை தருவதாக அழைத்துப் போய், கடத்தி வைத்துப் பணம் கேட்டார்கள். 2025 நவம்பரில் அந்தச் சலுகையே நிறுத்தப்பட்டது. கடலுக்குப் போகிறவர் சுற்றுலாப் பயணியாக நாட்டுக்குள் நுழைந்தால் அவருக்கென்று ஒரு சட்டமும் பேசாது. லீவு முடிந்து ஈரானுக்குக் கிளம்புகிறவர் முதலில் கேட்க வேண்டியது, 'என் விசாவில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது?' என்பதைத்தான்.

ஒவ்வொரு ஆபத்திலும் நான் கவனித்த ஒன்று இது: எந்தக் குடும்பத்தின் மனு சீக்கிரம் நகர்கிறது என்பது அந்த வீட்டுப் பெண்ணிடம் என்ன விவரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 'ஈரான்ல இருக்காவ' என்று மட்டும் தெரிந்தால் அதிகாரிக்கு ஒன்றும் செய்ய முடியாது. இப்போது சில வீடுகளில் பெண்கள் இதற்கென ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் பழைய பள்ளிக்கூட நோட்டுதான். பாஸ்போர்ட் எண், விசா எண், அது முடியும் தேதி. படகின் பெயரும் பதிவெண்ணும். படகின் முகப்பில் அரபு எழுத்தில் இருப்பதைக் கணவரிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அச்செடுத்து ஒட்டியிருக்கிறார்கள். முதலாளியின் பெயர், இரண்டு தொலைபேசி எண்கள். எந்தத் துறையிலிருந்து கடலுக்குப் போகிறார்கள் என்ற விவரம். கூடப் போன ஊர்க்காரர்களின் பெயர்களும் அவர்கள் வீட்டு எண்களும். அனுப்பிய பணம் தேதிவாரியாக. பாக்கி எவ்வளவு என்று கணவர் சொன்ன தொகை, சொன்ன நாளோடு.

லீவில் வந்தவர் ஊரில் இருக்கும்போதே இந்த நோட்டை அவரை உட்கார வைத்துச் சரிபார்த்துவிட வேண்டும். படகு மாறியிருக்கும், முதலாளி மாறியிருப்பார், எண் மாறியிருக்கும். ஆட்டோ வந்து நிற்கும் நேரத்தில் இதையெல்லாம் கேட்டு எழுத முடியாது.